மருந்து தராத மருந்துக்கடை அக்கா

அன்றைக்கு அந்த இடத்தில் இருந்தது ஆறு பேர். மறந்துபோவேனோ என்ற பயத்தில் எழுதி வைக்கிறேன். கவுண்டருக்கு உள்ளே அக்கா. வெளியே சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் என் அம்மா. அம்மா சரிந்துவிடாமல் தோளைப் பிடித்துக்கொண்டு நான். சனிக்கிழமை மட்டும் வந்துபோகும் கடை முதலாளி, ஃபேனுக்குக் கீழே ஸ்டூலில். இருமலுக்கு சிரப்பு கேட்டு வந்த பொழியூர் மீன்காரி, மீன் சட்டியைப் படியில் இறக்கி வைத்துவிட்டு நின்றாள். பிறகு, எங்களை இறக்கிவிட்டு வண்டியை அணைக்காமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரன். ஒரு நாயும் படுத்துக் கிடந்தது. அதை நான் சேர்க்கவில்லை.

பிறகு ஒவ்வொருத்தரிடமாகக் கேட்டுப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். அம்மா நடந்துதான் வந்தாள் என்கிறார் முதலாளி. தூக்கித்தான் இறக்கினோம் என்கிறான் ஆட்டோக்காரன். எனக்கு இரண்டுமே நடந்ததுபோல இருக்கிறது. எது சரி என்று அக்காவிடம்தான் கேட்க வேண்டும். அக்காவைக் காணோம்.

பனச்சமூடு சந்திப்பில் அந்த மருந்துக்கடைப் படிக்குப் பக்கத்தில்தான் நான் லாட்டரி மேசை போட்டிருக்கிறேன். ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேரளம், கடந்து கொஞ்சம் தள்ளிப் போனால் தமிழ்நாடு. அங்கே லாட்டரி கிடையாது, அதனால் அங்குள்ளவர்கள் என்னிடம் வருவார்கள். இங்கே டாக்டர் எழுதித் தராமல் வீரியமுள்ள மாத்திரை எதுவும் கொடுக்க மாட்டார்கள், அதனால் இங்குள்ளவர்கள் அங்கே போவார்கள். "அவன் லாட்டரிக்கு இங்க வாறான், நீங்க குளிகைக்கு அங்க போறிய. நடுவுல ரோடு மட்டும் தேயுது" என்பாள் அக்கா.

அக்காவின் பேர் எனக்குத் தெரியாது. கடைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த சர்ட்டிபிகேட்டில் இங்கிலீஷில் இருந்தது. நான் எட்டாவதோடு நின்றவன். மலையாளமும் தமிழும் ஓடிவிடும், இங்கிலீஷை எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் வாசிக்க வேண்டும். நாளைக்கு வாசிக்கலாம், நாளைக்கு வாசிக்கலாம் என்று நாலு வருஷம் போய்விட்டது.

முகமும் பாதிதான் தெரியும். கொரோனா போய், நாட்டிலே எல்லாரும் மாஸ்க்கைக் கழற்றி எறிந்த பிறகும் அக்கா கழற்றவில்லை. நீல மாஸ்க், அதற்கு மேலே கண்ணாடி, மூச்சு விட்டால் கண்ணாடியில் ஆவி படியும். சாயா வந்தால் தம்ளரை எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போய்க் குடித்துவிட்டு வருவாள். ஐம்பது வயது இருக்கும் என்று நினைக்கிறேன். அதுவும் நெற்றியை வைத்துச் சொல்வதுதான்.

அக்கா என்றால் கொடுக்காதவள். அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். மருந்துக்கடையில் நின்றுகொண்டு மருந்து கொடுக்க மனசு வராத ஒருத்தியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. டாக்டர் எழுதியிருந்தால் எடுப்பாள். அதையும் அட்டையைத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்த பிறகுதான் தருவாள். எழுதாமல் வந்தவனுக்குக் கேள்விதான். எத்தனை நாள், மூச்சு முட்டுகிறதா, வெள்ளம் குடிக்கிறாயா, மூத்திரம் போகிறதா. கல்யாண வீட்டுக்குப் போகிற அவசரத்தில் வந்த பெண்ணிடமும் அதையேதான் கேட்பாள்.

ஒருநாள் ரப்பர் வெட்டுகிற ஒருத்தன் தினத்தாள் துண்டில் எதையோ மடித்துக் கொண்டுவந்து கண்ணாடி மேல் வைத்தான்.

"அக்கா, சளி பச்சை நெறமாக்கும். பாருங்க."

"மூடு மூடு. நான் பாத்தா அது நெறம் மாறவா போவுது?"

"பச்சைன்னா பவர் கூடின குளிகை வேணும்னு சொன்னாவ."

"ஆரு சொன்னா?"

"எல்லாருந்தான்."

"எதுல வந்த?"

"சைக்கிள்ல."

"அந்த ஏத்தம் ஏறியா?"

"பின்ன?"

"ஏத்தத்துல சைக்கிள் சவிட்டி வாறவனுக்கு இன்னும் எதுக்குலே பவரு? பச்சைன்னு ஆனதுனால மட்டும் ஒண்ணும் இல்ல. சூடா கஞ்சி குடிச்சிட்டுக் கெட. மூச்சு முட்டினாலோ காய்ச்சல் விடாம கெடந்தாலோ டாக்டரப் போய்ப் பாரு."

அவன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நேராக ரோட்டைக் கடந்தான். அக்கா அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கண்ணாடி மேஜையை ஸ்பிரிட் போட்டு மூன்று தடவை துடைத்தாள்.

நான் பயந்த ஆள். அதை மறைக்க ஒன்றுமில்லை. கொரோனாவில் மணம் போகும் என்று சொன்னார்களே, அன்றைக்குத் தொடங்கியது, இன்றைக்கும் காலையில் எழுந்ததும் காப்பித்தூள் டப்பாவை மோந்து பார்த்துவிட்டுத்தான் முகம் கழுவுவேன். இரண்டு தடவை தும்மினால் மூன்று நோயின் பேர் மனசில் வரும். தடுமனா, ஃப்ளூவா, மறுபடியும் அந்தக் கொரோனாவா என்று எனக்கு ஒருநாளும் பிரித்து அறியத் தெரிந்ததில்லை. எல்லாம் தொண்டைக் கரகரப்பில்தான் தொடங்குகிறது, பிறகு எந்த வழி போகும் என்று யாரால் சொல்ல முடியும்?

"ஒண்ணும் இல்லன்னு ஒரு வாக்கு சொல்லுங்க அக்கா" என்று போய் நிற்பேன்.

"அது சும்மா சொல்ல ஒக்காது. பேசாம நில்லு."

வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு மூச்சுக்கு என் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுவாள். ஒரு நிமிஷம் முழுசும். பாதியில் யாராவது சோப்பு கேட்டு வந்தால் கையைக் காட்டி நிறுத்துவாள்.

"பதினெட்டு. போ."

அந்தப் பதினெட்டை வாங்கிக்கொண்டு வந்தால் அன்றைக்குப் பூரா எனக்கு நிம்மதி. மறுநாள் மறுபடி போவேன். "இன்னைக்கு இருபது ஆக்கும்" என்பாள். "ஐயோ, ரெண்டு கூடிப்போச்சே அக்கா." "படி ஏறி வந்தல்லா மக்கா. பயத்துக்கும் கூடும். போயி ஒன் சோலியப் பாரு."

லாட்டரி கிழிக்கும்போது நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டுப் பிரிப்பது என் பழக்கம். தொழிலில் எல்லாரும் அப்படித்தான். ஒருநாள் அக்கா உள்ளேயிருந்து அதைப் பார்த்துவிட்டாள். "ஊர்ல உள்ள சளிக்கெல்லாம் பயப்படுகான். சொந்தத் துப்பல நாக்குல தொட்டு ரெண்டு மாநிலத்துக்கும் குடுக்கான்" என்று கடையில் நின்றவர்கள் கேட்கச் சொன்னாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. மறுநாள் காலையில் என் மேசையில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணமும் அதில் நனைத்த ஸ்பான்ஜ் துண்டும் இருந்தன. யார் வைத்தது என்று கேட்டேன். அக்கா சாயாத் தம்ளரோடு அலமாரிக்குப் பின்னால் போய்விட்டாள். இப்போதும் அதில் தொட்டுத்தான் கிழிக்கிறேன்.

அப்படிப்பட்ட ஆளைப் பற்றித்தான் நான் முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

போன மழைக்காலத்தில் எனக்கு ஒரு தடுமன். நாலு நாள் மூக்கு அடைத்து, தலை மண்ணாங்கட்டி மாதிரி. அக்கா வழக்கம்போல எண்ணினாள், "பத்தொம்பது, ஆவி பிடி, ஒறங்கு" என்றாள். எனக்கு ஆத்திரம் வந்தது. ரோட்டைக் கடந்தேன். அங்கே ஒரு கடையில் "சளி" என்ற ஒற்றைச் சொல்தான் சொன்னேன், வீரியமுள்ளதில் ஒன்றும் தடுமன் மாத்திரை ஒரு அட்டையும் எடுத்துத் தந்தார்கள். மறுநாள் மூக்கு திறந்தது. அது ஐந்தாம் நாள், தானாகவே திறந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. நாலு நாள் என்னை வெறுமனே கஷ்டப்படுத்திவிட்டாளே என்றுதான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை முதலாளி வந்தார். பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். "மொதலாளி, நம்ம கடைக்கு வாறவன் பூரா அந்தப் பக்கம்தான் போறான். அக்கா ஒண்ணும் எடுத்துத் தரமாட்டேங்குதாவ." சும்மா சொன்னேனா, ஆத்திரத்தில் சொன்னேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

முதலாளி பழைய பெரிய குடும்பம், சத்தம் போட்டுப் பேச மாட்டார். உள்ளே பார்த்து மெதுவாகக் கேட்டார். "நீங்க இங்க மருந்து விக்க இருக்கியளா, விக்காம இருக்க இருக்கியளா?"

"விக்கத்தான் இருக்கேன். கேட்டதெல்லாம் விக்க ஒக்காது, சாரே."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பார்க்காததனால்தான் அவளுக்குத் தெரியுமோ என்று இன்றுவரை கிடந்து குழம்புகிறேன்.

ஐப்பசி மழையில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது, சுகரும் உண்டு. உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி, வறட்டு இருமல். முதல் நாளே இந்தப் பக்கத்து அரசாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார், காய்ச்சல் மாத்திரை எழுதினார், ஃப்ளூ மாதிரி இருக்கிறது, சுகர் உள்ள ஆள், இரண்டு நாளில் மறுபடி காட்டணும், மூச்சு முட்டினால் உடனே வரணும் என்றார். ஊசி போடவில்லை. ஊசி போடாத டாக்டரை எனக்கு எப்படி நம்புவது என்று தெரியவில்லை. மறுநாள் அந்தப் பக்கம் கொண்டுபோனேன். அங்கே ஒரு கிளினிக்கில் ஊசி போட்டார்கள், வேறு பேரில் வேறு நிறத்தில் மாத்திரை தந்தார்கள். இந்தப் பக்கம் காட்டியதை நான் சொல்லவில்லை. சொன்னால் கோபப்படுவார்களோ என்று பயம். வீட்டில் எனக்கு வாங்கிய தடுமன் மாத்திரையில் மிச்சமும் கிடந்தது.

எதைக் கொடுப்பது, எதை விடுவது? ஒன்றை விட்டால் அந்த ஒன்றுதான் கேட்கிற மருந்தாக இருந்துவிடுமோ? மூன்றையும் கொடுத்தேன். கேரளத்துக்கு ஒன்று, தமிழ்நாட்டுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று.

காய்ச்சல் விட்டது. நெற்றி குளிர்ந்து கிடந்தது. எனக்குச் சந்தோஷம். மறுபடி காட்டச் சொன்ன நாளை அப்படியே விட்டுவிட்டேன். ஆனால் அம்மா கஞ்சி குடிக்கவில்லை, எந்நேரமும் உறக்கம். ஐந்தாம் நாள் காலையில் என்னைப் பார்த்து, செத்துப்போன அப்பாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். உறக்கக் கலக்கம் என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைத்துக்கொண்டேனா.

அன்று சனிக்கிழமை. மேசையை விரித்துவிட்டு, அக்காவிடம் சும்மா சொல்வதுபோலச் சொன்னேன்.

"அம்மாக்கு காய்ச்சலாட்டு இருந்தது அக்கா. விட்டாச்சு. வெறும் ஒறக்கம்தான்."

அட்டை அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. "எத்தன நாளு?"

"அஞ்சு."

"அஞ்சு நாளா எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

நான் கையிலிருந்த லாட்டரிக் கட்டைத் தட்டி நேராக்கினேன்.

"என்ன குளிகை குடுத்த?"

"ரெண்டு மூணு."

"எண்ணிச் சொல்லு."

எண்ணத் தெரியவில்லை எனக்கு. காலையில் எத்தனை, ராத்திரி எத்தனை, எல்லாம் ஒன்றாகக் கலந்துபோயிருந்தது.

"நடக்காவளா?"

"நடக்காவ" என்றேன். பொய். சொன்னால் உடனே ஆஸ்பத்திரி என்பாளே என்று பயம். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "வீட்டுல உள்ள குளிகை பூரா வாரிட்டு வா. அம்மையையும் ஆட்டோல கொண்டு வா. இப்ப. ஒன் லாட்டரிய நான் பாத்துக்கிடுதேன்."

அப்படித்தான் நாங்கள் ஆறு பேர் ஆனோம்.

அக்கா மூன்று அட்டையையும் கண்ணாடி மேல் வரிசையாக வைத்தாள். மஞ்சள், பச்சை, வெள்ளி நிறம். மூன்றையும் திருப்பிப் போட்டாள். "நீ வாசி" என்றாள். அம்மா நாற்காலியில் தலை தொங்கிக் கிடக்கிறாள், இவள் என்னை இங்கிலீஷ் வாசிக்கச் சொல்கிறாளே என்று இருந்தது. முதலாவதைக் கூட்டி வாசித்தேன். இரண்டாவதிலும் அதே எழுத்துதான் வந்தது. மூன்றாவதில் நாலைந்து மருந்துப் பேர் இருந்தது, அதற்கு நடுவிலும் அதே எழுத்து.

"மூணும் ஒரே காய்ச்சல் மருந்தாக்கும். பேரும் நெறமும்தான் வேற."

"அப்ப காய்ச்சல் விடல்லியா அக்கா?"

"காய்ச்சல மூடி வச்சிருக்க. நோய் உள்ள கெடக்கு. இது கூடினா கரளுக்கும் கேடு, ஈரலுக்கு."

பிறகு கவுண்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவள் வெளியே வந்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை, இவ்வளவு குட்டையான ஆள் என்று எனக்குத் தெரியாது, உள்ளே பலகை போட்டு நின்றிருக்கிறாள். அம்மாவுக்கு முன்னால் குந்தி, வாட்ச்சைத் திருப்பி, எண்ணத் தொடங்கினாள்.

"மோளே, நீ ஆரு?" என்றாள் அம்மா.

"மருந்துக்கடைதாம்மா. பேசாண்டாம்."

மீன்காரி வந்த இருமலை முந்தானையில் அடக்கிக்கொண்டு நின்றாள். ஒரு நிமிஷம் அவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"முப்பத்தி நாலு."

என் கணக்கு பதினெட்டு. அதில் இரண்டு கூடினாலே நான் உறங்க மாட்டேன். 

அக்கா அலமாரியிலிருந்து ஒரு புதுப் பெட்டியை எடுத்து நகத்தால் கிழித்தாள். விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் மெஷின்.

"அது விக்க வச்சதாக்கும்" என்றார் முதலாளி. "பெட்டி பொட்டிச்சா பின்ன ஆரு வாங்கும்?"

"இவன் வாங்குவான்."

எனக்கு அவள் தானாக எடுத்து விற்றது அது ஒன்றுதான். அம்மாவின் விரலில் மாட்டினாள். எண்பத்தேழு என்று காட்டியது. விரலைத் துடைத்து மறுபடி மாட்டினாள். எண்பத்தாறு. மீன்காரி "ஈசோவே" என்று நெஞ்சில் சிலுவை வரைந்தாள்.

அக்கா ஒரு துண்டுத் தாளில் மூன்று மருந்தும், எண்ணின மூச்சும், சுகர் உண்டு என்பதும் எழுதி என் சட்டைப் பையில் வைத்தாள். "டாக்டர்கிட்ட இந்தத் தாளக் குடு. நீ வாயத் தொறக்காத. தொறந்தா ஒளறுவ." எனக்கும் அம்மாவுக்கும் மாஸ்க் மாட்டிவிட்டாள்.

ஆட்டோக்காரன் கேட்டான். "அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?"

நான் இரண்டு பக்கமும் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை.

"இவன்கிட்ட கேக்காத. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு விடு. ஆக்சிஜன் உண்டான்னு நான் கூப்பிட்டுச் சொல்லுதேன்" என்றாள் அக்கா.

ஒன்பது நாள் அம்மா ஆக்சிஜனில் கிடந்தாள். ஃப்ளூ வைரஸ், நுரையீரலில் இறங்கிவிட்டது என்றார்கள். கரளிலும் கொஞ்சம் கேடு, மாத்திரை கூடினதால் என்றார்கள். நோய் பாதி, நான் பாதியா என்று டாக்டரிடம் கேட்டேன். இப்போது அதை யோசிக்க வேண்டாம் என்றார். வேண்டாம் என்றால் ஆமாம் என்றுதானே அர்த்தம்? இல்லை, வெறுமே வேண்டாம் என்றாரா? அம்மா பிழைத்தாள். கிணற்றங்கரை வரை நடந்தால் இன்னும் ஒரு இடத்தில் உட்கார்ந்துவிட்டுத்தான் வருகிறாள்.

அம்மாவை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு மேசை விரிக்கப் போனேன். அக்கா இல்லை. சுவரில் சர்ட்டிபிகேட் மாறியிருந்தது. அன்றைக்கு அதை எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தேன். ஆணின் பேர். இப்போது இருப்பவர் கேள்வி ஒன்றும் கேட்பதில்லை, கேட்டதை எடுத்துத் தருகிறார். கடையில் கூட்டம் உண்டு. அந்தக் கூட்டத்தில் எனக்கும் லாட்டரி கொஞ்சம் கூடுதல் போகிறது. 

"அவிய தானே நின்னுட்டாவ" என்றார் முதலாளி. "மொதலாளிதான் போவச் சொல்லிப் பறஞ்சு விட்டாரு, சேச்சி கண்ணைத் தொடச்சிட்டுப் போனத நான் கண்டேன்" என்றாள் மீன்காரி. "அவளுக்கு மவ மங்களூர்ல இருக்கா, அங்க போயிருப்பா" என்றான் ஆட்டோக்காரன். கண்ணைத் துடைத்தாளா, கண்ணாடியைத் துடைத்தாளா? நான் சொன்ன வாக்குதான் காரணமா, கிழித்த பெட்டியா, மகளா?

மெஷினுக்குப் பணம் தருகிறேன் என்று முதலாளியிடம் நீட்டினேன். "அது வேண்டாம். போற அன்னைக்கு அவிய கையில இருந்து வச்சிட்டுப் போயாச்சு" என்றார்.

அக்காவைக் கண்டால் கொடுக்கலாம் என்று அந்தப் பணத்தை ஒரு கவரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். போன மாதம் உதியன்குளங்கரையில் பஸ்ஸுக்கு நின்றபோது, எதிரே நின்ற பஸ்ஸில் ஜன்னலோரம் ஒரு பெண். குட்டையான ஆள், கண்ணாடி, மாஸ்க் இல்லை. இருமல் வந்ததும் பக்கத்திலிருந்தவளை விட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, முழங்கை மடிப்பில் இருமினாள். அப்படி இருமுகிறவர்கள் எங்கள் நாட்டில் குறைவு. "அக்கா" என்று கூப்பிட்டேன். மூன்று பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். என் கையைக் கண்ணுக்கு நேரே நீட்டி, அவள் மூக்குக்குக் கீழே உள்ளதை மறைத்து, முகத்தின் மேல்பாதியை மட்டும் பார்க்க முயன்றேன். கண் அக்காவின் கண்தான் என்று தோன்றியது. கையை எடுத்தால் வேறு யாரோ. வாயைப் பார்த்தால் சிரிக்கிறாளா, திட்டுகிறாளா என்றுகூடத் தெரியவில்லை. பஸ் நகர்ந்தது. அவள் என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே போனதுபோல இருந்தது, எண்ணுவதுபோல.

காலையில் காப்பித்தூளை மோந்துவிட்டு அந்த மெஷினை அம்மாவின் விரலில் மாட்டுகிறேன். தொண்ணூற்றேழு காட்டும். கவர் இன்னும் என் பையில்தான் உண்டு. அக்காவுக்கு நான் கொடுக்க வேண்டியது ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய்.